கைபம்பு வைத்தால் புழு போய்விடாது: ஆப்பிரிக்கப் பள்ளிகளுக்கு நிதி திரட்டும் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். தான்சானியா, உகாண்டா, மலாவி போன்ற நாடுகளின் கிராமப் பள்ளிகளுக்குக் கைபம்பு அமைக்கவும் பிள்ளைகளுக்குப் பூச்சி மாத்திரை வாங்கவும் பணம் திரட்டும் சங்கங்களையும் நற்பணி மன்றங்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறோம். இத்தகைய வேண்டுகோள்களில் ஒரு கருத்து திரும்பத் திரும்ப வருகிறது: பிள்ளைகள் அசுத்தத் தண்ணீரைக் குடிக்கிறார்கள், அதனால் வயிற்றில் புழு வருகிறது, கிணறு தோண்டிக் கொடுத்தால் நின்றுவிடும். வயிற்றுப்போக்கு, காலரா, டைபாய்டு பற்றிப் பேசினால் அதில் நியாயம் உண்டு. அந்தப் பகுதிகளில் பள்ளிப் பிள்ளைகளைப் பெரிதும் பிடித்திருக்கும் பில்ஹார்சியா என்ற ஒட்டுண்ணிப் புழு நோய்க்கு அது பொருந்தாது. அந்தப் புழு குடிக்கும் தண்ணீரில் வருவதில்லை, கால் நனைக்கும் தண்ணீரில் வருகிறது. வேண்டுகோளின் வாசகத்தில் மட்டும் பிழை இருந்தால் நாங்கள் பேசாமல் இருந்திருப்போம். பணம் எங்கே போக வேண்டும் என்பதையும் அந்தப் பிழைதான் தீர்மானிக்கிறது.

நோய் பரவும் விதத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். நோயுள்ள பிள்ளை ஏரிக்கரையிலோ குட்டையோரத்திலோ சிறுநீரோ மலமோ கழிக்கும்போது புழுவின் முட்டைகள் வெளியேறுகின்றன. நன்னீர் பட்டதும் முட்டை பொரிந்து கண்ணுக்குத் தெரியாத லார்வா, அதாவது இளம்புழு, ஒன்று நீந்தத் தொடங்கும். ஒரு நாளுக்குள் தனக்கேற்ற நத்தை கிடைக்காவிட்டால் அது செத்துப்போகும். கிடைத்துவிட்டால், உள்ளே புகுந்த ஒன்று சில வாரங்களில் வால் முளைத்த ஆயிரக்கணக்கான லார்வாக்களாகப் பெருகி வெளியே வரும். நத்தை இவற்றை எல்லா நேரமும் ஒரே அளவில் விடுவதில்லை. வெயில் ஏறிய பிறகு, காலை பத்து மணி முதல் பிற்பகல் இரண்டு மூன்று மணி வரைதான் மிகுதி. பள்ளி விட்டு வெக்கை தாளாமல் பிள்ளைகள் தண்ணீரில் குதிப்பதும், பெண்கள் துணி துவைப்பதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். தோலில் ஒட்டிய லார்வா சில நிமிடங்களில் உள்ளே போய்விடும். ஐந்து முதல் ஏழு வாரங்களில் ஆணும் பெண்ணுமாக இணைந்து இரத்தக் குழாயில் குடியேறி முட்டையிடத் தொடங்கும். ஒரு இணை சராசரியாக மூன்று முதல் பத்து ஆண்டு வரை உயிரோடிருக்கும்.

ஆப்பிரிக்காவில் இதில் முக்கியமான வகைகள் இரண்டு. ஒன்று குடலைச் சுற்றிய குழாய்களில் தங்கி மலத்தில் முட்டைவிடும். விக்டோரியா ஏரியின் தென்கரையில் முவான்சா, உக்கெரேவே பகுதிகளிலும் உகாண்டாவின் ஆல்பர்ட் ஏரிக்கரையிலும் அதுவே அதிகம். மற்றது சிறுநீர்ப்பையைச் சுற்றித் தங்கிச் சிறுநீரில் முட்டைவிடும். தான்சானியாவின் சான்சிபார் தீவுகளின் ஓடைகளிலும், ஏரியிலிருந்து தள்ளியிருக்கும் ஷின்யாங்கா பக்கத்துக் குட்டைகளிலும் காண்பது இது. இரண்டுக்கும் நத்தை இனம் வேறு, முட்டை வெளியேறும் வழியும் வேறு. உங்கள் பள்ளி எந்தப் பகுதியில் இருக்கிறது என்று தெரியாமல் கழிப்பறை கட்டுவதா, சிறுநீர் கழிப்பிடம் கட்டுவதா, எந்த நீர்நிலையைக் கவனிப்பது என்று முடிவெடுக்க முடியாது. குட்டை நத்தைகள் கோடையில் சேற்றுக்குள் புதைந்து உயிரைப் பிடித்துக்கொண்டு மழை வந்ததும் திரும்பிவரும். வறண்ட குட்டையைப் பார்த்து இங்கே ஆபத்து இல்லை என்று எழுதிவைக்காதீர்கள்.

கெடுதல் செய்வது புழுவைவிட முட்டைதான். இடும் முட்டைகளில் ஏறக்குறைய பாதி வெளியேறாமல் கல்லீரலிலும் குடல் சுவரிலும் சிறுநீர்ப்பையிலும் சிக்கிக்கொள்ளும். அதைச் சுற்றி உடல் தழும்பு கட்டும். பிள்ளைப் பருவத்தில் இது இரத்தசோகை, வளர்ச்சிக் குறைவு, வகுப்பில் கவனம் சிதறுதல் என்று தெரியும். வளர்ந்த பிறகு கல்லீரல் இறுகி இரத்தவாந்தி வரை போகலாம். சிறுநீர்ப்பைப் புற்றுநோயோடும் இதற்குத் தொடர்பு உண்டு. பிள்ளைகள் சட்டென்று விழுந்து சாவதில்லை என்பதால்தான் இந்த நோய்க்குப் பணம் வருவது குறைவு. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் இதற்கான மாத்திரை தேவைப்பட்டவர்கள் 25.14 கோடிப் பேர், கிடைத்தவர்கள் 7.53 கோடிப் பேர். தேவைப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஆப்பிரிக்காவில் இருக்கிறார்கள்.

இனிக் கைபம்புக்கு வருவோம். அதை வைக்காதீர்கள் என்று சொல்லவில்லை. பள்ளி வளாகத்தில் பம்பு வந்த பிறகும் துணி துவைப்பதும் குளிப்பதும் ஏரியிலேயே நடந்தால் பில்ஹார்சியா அசையாது என்பதுதான் எங்கள் வாதம். மக்கள் ஏன் ஏரிக்கே போகிறார்கள்? பிடிவாதத்தால் இல்லை. அந்தப் பகுதியின் நிலத்தடி நீர் பல இடங்களில் கடினமானது, சோப்பு நுரைக்காது. ஏரித்தண்ணீர் மென்மையானது. இரும்பு கலந்த பம்புத் தண்ணீரில் வெள்ளைச் சீருடை மஞ்சளாகிவிடும். லிட்டருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டினாலே துணியில் கறை தெரியும். பம்பில் வரிசை வேறு. ஏரியில் வரிசை கிடையாது, அங்கே பேச்சுத்துணையும் உண்டு.

அந்த இரும்பில் ஒரு பகுதியை நாமே கொண்டுபோய் இறக்குகிறோம். கோயம்புத்தூர் வட்டாரத்தில் சோதித்துப் பார்த்து 1970களின் இறுதியில் உருவான இந்தியா மார்க் 2 பம்பும் அதன் தழுவல்களும் ஆப்பிரிக்காவில் ஏராளமாக நிற்கின்றன. நல்ல பம்பு, உழைக்கும் பம்பு. ஆனால் அதில் பூட்டும் துத்தநாகப் பூச்சு இரும்புக் குழாயைப் புளிப்பேறிய தண்ணீர், அதாவது பி.எச். 6.5க்குக் கீழுள்ள தண்ணீர், அரித்துவிடும். சில மாதங்களில் காலையில் முதல் குடம் செந்நிறமாக வரும், தண்ணீரில் துரு வாடை அடிக்கும். பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஏரிக்குத் திரும்பிவிடுவார்கள். நிதி கொடுத்தவர் கையில் பம்பின் திறப்புவிழாப் படம் மட்டும் இருக்கும். ஆகவே துளை போட்டவுடன், குழாய்க்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன், தண்ணீரின் பி.எச்., இரும்பு, கடினத்தன்மை மூன்றையும் சோதித்து எழுத்தில் வாங்குங்கள். பி.எச். குறைந்தால் துருப்பிடிக்காத எஃகுக் குழாய், அல்லது ஆழம் இடம் கொடுத்தால் பி.வி.சி. குழாய். செலவு கூடும். கூடினாலும் வேறு வழியில்லை.

பராமரிப்பும் முன்கூட்டியே பேச வேண்டியது. ஆப்பிரிக்காவின் கைபம்புகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்று எந்த நாளிலும் வேலை செய்யாமல் நிற்கிறது. பெரும்பாலும் தேய்வது சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் வாஷர்கள், கைப்பிடியின் சங்கிலி, பேரிங். காசுக்கு மலிவான பொருள்கள்தான். ஆனால் மார்க் 2இல் வாஷர் மாற்ற வேண்டுமென்றால் முக்காலி கட்டி, அடிவரை போயிருக்கும் குழாய் முழுவதையும் மேலே இழுத்தாக வேண்டும். அதற்குக் கருவியும் நாலு ஆளும் பழகிய மெக்கானிக்கும் வேண்டும். அதன் அடுத்த ரகமான மார்க் 3இல் குழாயைத் தொடாமல் பிஸ்டனை மட்டும் மேலே எடுக்கலாம், குழாய்தான் பெரிதாகி விலை ஏறும். எதை வைத்தாலும், அருகிலுள்ள ஊரில் அந்த ரகத்துக்கு உதிரி கிடைக்கிறதா, மெக்கானிக் இருக்கிறாரா என்று கேட்காமல் வைக்காதீர்கள். முதல் இரண்டு ஆண்டுக்கான வாஷர், சங்கிலி, பேரிங் ஆகியவற்றைப் பம்போடு சேர்த்தே வாங்கிப் பள்ளி அலமாரியில் பூட்டி வைக்கச் சொல்லுங்கள்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். வீட்டுக்குப் போய்வரும் பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு. 300 பேருக்கு 1500 லிட்டர். கைபம்பு நிமிடத்துக்கு ஏறக்குறைய 12 லிட்டர் தரும். அப்படியென்றால் பள்ளிக்கு மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓயாமல் அடிக்க வேண்டும். ஊரும் அதே பம்பை நம்பியிருந்தால் துவைப்பதற்குத் தண்ணீர் மிஞ்சாது. இங்கேதான் கூரை உதவும். 100 சதுர மீட்டர் தகரக் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழைக்கு, வீணாவது போக, 80 லிட்டர் சேரும். ஆண்டுக்கு 1000 மில்லிமீட்டர் மழையுள்ள இடத்தில் 80,000 லிட்டர். மழைநீர் மென்மையானது, துணியைக் கறைப்படுத்தாது, சோப்பு நுரைக்கும். ஆனால் 10,000 லிட்டர்த் தொட்டி மேற்சொன்ன பள்ளிக்கு ஒரு வாரம்கூட வராது. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான வறண்ட மாதங்களுக்கு அதை நம்ப முடியாது. பம்புக்குத் துணையாக, துவைக்கவும் கை கழுவவும் என்று ஒதுக்கினால் பயன்படும்.

துவைக்கும் மேடைக்கு யாரும் நிதி கேட்பதில்லை, கொடுப்பதும் இல்லை. அதுதான் நாங்கள் முதலில் கேட்பது. ஒரே நேரத்தில் ஆறேழு பேர் நின்று துவைக்கும் கான்கிரீட் மேடை, குனிந்து முதுகு ஒடியாத உயரம், தண்ணீர் வரும் தொட்டி, துணி காயப்போடக் கம்பி, கொஞ்சம் நிழல், கழிவு நீர் ஓடத் தரையில் சரிவு. களிமண் நிலத்தில் உறிஞ்சுகுழி சீக்கிரம் நிறைந்து தேங்கும். அங்கே வாழைத்தோட்டத்துக்கு வாய்க்கால் விடுவது நல்லது. இடத்தைப் பொறியாளர் தேர்ந்தெடுக்கக் கூடாது, இப்போது துவைக்கிற பெண்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். சான்சிபாரில் கிச்சோச்சோவை (பில்ஹார்சியாவின் சுவாஹிலிப் பெயர்) ஒழிக்க நடந்த பெரும் முயற்சியில், மாத்திரையோடும் நத்தைக் கட்டுப்பாட்டோடும் சேர்த்து, ஊர்க்காரர்களிடம் கலந்து பேசித் துவைக்கும் மேடைகளும் சிறுநீர் கழிப்பிடங்களும் கட்டினார்கள். ஆசிரியர்கள் வழியாகப் பாதுகாப்பான விளையாட்டுகளையும் கொண்டுவந்தார்கள். நீந்தாதே என்று பலகை நட்டு எந்தப் பிள்ளையையும் ஏரியிலிருந்து வெளியே கொண்டுவர முடியாது. பந்தும் திடலும் இருந்தால் சிலராவது வருவார்கள்.

பள்ளியே பிள்ளைகளைத் தண்ணீருக்கு அனுப்பும் வழக்கத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வகுப்பறையைக் கழுவ, சமையலுக்கு, ஆசிரியர் வீட்டுக்கு என்று ஆளுக்கொரு மஞ்சள் கேனோடு ஏரிக்கு நடக்கும் பிள்ளைகள் பல ஊர்களில் உண்டு. முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கித்தான் கேன் நிறையும். இதை நிறுத்தப் பணம் தேவையில்லை, தலைமையாசிரியரிடம் ஒரு பேச்சு போதும். ஏரித்தண்ணீரைத் தவிர வேறு வழியே இல்லாத பள்ளியில், பெரியவர்கள் அதிகாலையில் எடுத்துவந்து, துணியில் வடிகட்டி, மூடியுள்ள பீப்பாயில் இரண்டு நாள் வைத்திருந்து பயன்படுத்தலாம். நத்தை உள்ளே போகாதவரை லார்வாக்கள் அதற்குள் செத்துவிடும். மூன்று பீப்பாய்களில் நிரப்பிய கிழமையைச் சுண்ணாம்பால் எழுதி மாற்றி மாற்றி எடுத்தால் போதும். கழுவவும் குளிக்கவும் மட்டும்தான் இது உதவும். குடிக்க வேண்டுமென்றால் தனியாகக் கொதிக்க வைக்கவோ குளோரின் போடவோ வேண்டும்.

கழிப்பறை பற்றிச் சுருக்கமாக: பெண் பிள்ளைகளுக்கு 25 பேருக்கு ஒன்று, ஆண் பிள்ளைகளுக்கு 50 பேருக்கு ஒன்றும் சிறுநீர் கழிப்பிடமும் என்பது அளவு. கரையோர மணலில் உறை இறக்காமல் குழி வெட்டினால் முதல் மழைக்கே சரியும். வெள்ளம் ஏறும் இடத்தில் வெட்டினால் முட்டைகளை நாமே ஏரிக்கு அனுப்பியதாகும். கழிப்பறை மட்டும் நோயை நிறுத்திவிடும் என்றும் எண்ண வேண்டாம். ஒரே லார்வா ஆயிரக்கணக்காகப் பெருகும் கணக்கில், தண்ணீருக்குள் நின்று சிறுநீர் கழிக்கும் ஒரே ஒரு பையன் போதும்.

மாத்திரைக்கு வருகிறோம். பிராசிக்குவான்டல் என்ற மருந்தை மெர்க் நிறுவனம் 2007 முதல் உலகச் சுகாதார நிறுவனம் வழியாக இலவசமாகக் கொடுக்கிறது, ஆண்டுக்கு 25 கோடி மாத்திரை வரை. ஆகவே நீங்கள் சென்னையிலோ லண்டனிலோ மாத்திரை வாங்கிப் பெட்டியில் அனுப்ப வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. சுங்கத்தில் தேங்கிக் காலாவதியாவதுதான் மிச்சம். குறை இருப்பது மாத்திரை கொடுக்கும் நாளில். அன்றைய கஞ்சி, வண்டிக்கு எரிபொருள், ஆசிரியருக்கு அரைநாள் பயிற்சி, பதிவேடு, அளவுகோல் ஆகியவற்றுக்குத்தான் காசு இருக்காது.

கஞ்சி ஆடம்பரம் அல்ல. வெறும் வயிற்றில் இந்த மாத்திரை குமட்டும், வயிற்றை வலிக்கும், தலை சுற்றும். உடலில் புழு எத்தனை அதிகமோ அத்தனை கடுமையாக இருக்கும். சாப்பாட்டோடு கொடுத்தால் தொல்லை குறையும், மருந்தும் நன்றாக உடம்பில் சேரும். 2008இல் தான்சானியாவின் மொரோகோரோவில் மாத்திரை சாப்பிட்ட பிள்ளைகளுக்கு மயக்கமும் வயிற்றுவலியும் வந்ததும், நஞ்சு கொடுத்துவிட்டார்கள் என்று வதந்தி பரவிப் பெற்றோர் பள்ளிகளை முற்றுகையிட்டார்கள். அப்படி ஒருமுறை நடந்துவிட்டால் அடுத்த ஆண்டு அந்தப் பக்கம் போக முடியாது. முந்தைய வாரமே பெற்றோர் கூட்டம் போட்டு, வயிறு வலிக்கலாம், ஒரு நாளில் சரியாகும், ஏன் வலிக்கிறது என்று சொல்லிவிடுவது நல்லது.

அளவு கிலோவுக்கு 40 மில்லிகிராம். பள்ளியில் எடைபார்க்க நேரமிராது என்பதால் உயரக் கம்பு வைத்து அளப்பார்கள். 600 மில்லிகிராம் மாத்திரையில், 94 செ.மீ. முதல் 110 வரை ஒன்று, 125 வரை ஒன்றரை, 138 வரை இரண்டு, 150 வரை இரண்டரை, 160 வரை மூன்று, 178 வரை நான்கு, அதற்கு மேல் ஐந்து. கம்பை மேட்டில் சாய்த்து வைப்பதும் செருப்போடு நிறுத்துவதும் அளவைக் கெடுக்கும். ஒரு பிள்ளைக்குச் சராசரியாக இரண்டரை மாத்திரை என்று கையிருப்பைக் கணக்கிடுங்கள். மாத்திரை பெரிது, கசப்பு அதிகம். நாக்கில் வைத்து யோசிக்கும் பிள்ளை துப்பிவிடும். ஆசிரியர் முன்னிலையில் தண்ணீரோடு விழுங்க வேண்டும், வீட்டுக்குக் கொடுத்தனுப்பக் கூடாது. அழும் சிறு பிள்ளையின் மூக்கைப் பிடித்து ஊட்டினால் மாத்திரை மூச்சுக்குழாயில் சிக்கிக் கொல்லக்கூடும். விட்டுவிடுங்கள், மறுநாள் பார்க்கலாம். வலிப்பு வந்ததுண்டா என்று ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டும். பன்றி நாடாப்புழு பரவிய பகுதிகளில் சிலருக்கு மூளையில் அதன் கட்டிகள் இருக்கும், இந்த மருந்து அங்கே வலிப்பைத் தூண்டலாம். அத்தகையோரை மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

இந்த மருந்து வளர்ந்த புழுவைத்தான் கொல்லும். சென்ற வாரம் தோலில் புகுந்ததை ஒன்றும் செய்யாது. மாத்திரை சாப்பிட்ட மாலையே பிள்ளை ஏரியில் இறங்கினால் புதிதாக வரும் புழுவையும் தடுக்காது. அதனால்தான் சில ஊர்களில் ஆண்டாண்டாகக் கொடுத்தும் நோய் குறையவில்லை. அதைப் பார்த்து மருந்து பலிக்கவில்லை என்று சொல்லிவிடுகிறார்கள். விடுபட்டவர்களையும் பாருங்கள்: மீன்பிடிப் படகில் போகும் பையன்கள், பள்ளிக்கே வராத பிள்ளைகள், தாயின் இடுப்பில் ஏரிக்கரைக்குப் போகும் கைக்குழந்தைகள், பெரியவர்கள். 2022இல் வந்த உலகச் சுகாதார நிறுவன வழிகாட்டுதல், பத்து விழுக்காட்டுக்கு மேல் நோயுள்ள இடங்களில் இரண்டு வயது முதல் பெரியவர் வரை அனைவருக்கும் ஆண்டுக்கொருமுறை கொடுக்கச் சொல்கிறது, மூன்று மாதம் தாண்டிய கர்ப்பிணிகள் உட்பட. பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று உங்கள் நிதியைக் கட்டிப்போட வேண்டாம்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சிறுநீர்ப்பை வகையின் முட்டைகள் கருப்பை வாயிலும் பிறப்புறுப்பிலும் சிக்கிப் புண்ணாக்கும். வெள்ளைப்படுதல், இரத்தக்கசிவு, பின்னாளில் பிள்ளைப்பேறின்மை, எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு கூடுதல் எல்லாம் அதிலிருந்து வரலாம். அறிகுறி பால்வினை நோயைப் போலிருப்பதால், பன்னிரண்டு வயதுப் பெண்ணைத் தவறாகப் பேசிவிடுகிறார்கள், அவளும் வாயை மூடிக்கொள்கிறாள். சிறுநீரில் இரத்தம் போனால் பையன்களுக்குப் பருவம் வந்துவிட்டது என்று எண்ணும் ஊர்களும் உண்டு. நீங்கள் அச்சிடும் சுவரொட்டியில் இந்த இரண்டையும் உள்ளூர் மொழியில் எழுதச் சொல்லுங்கள். சிவந்த சிறுநீர்ப் புட்டியைப் பிடித்து நிற்கும் பிள்ளையின் படத்தை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் உங்கள் நிதி வேண்டுகோளில் போடாதீர்கள்.

நத்தையைக் கொல்லலாமா என்ற கேள்வி வரும். நிக்ளோசமைடு என்ற நத்தைக்கொல்லி மருந்தைத் தெளித்தால் நத்தை சாகும், மீனும் சாகும். மீனவர் ஊரில் ஏரியில் தெளிக்கப் போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை, அத்தனை பெரிய ஏரிக்கு மருந்தும் போதாது. சிறு குட்டைக்கும் வாய்க்காலுக்கும், பயிற்சி பெற்ற அரசுக் குழு செய்தால் பலன் உண்டு. செனகலில் 1986இல் டியாமா அணை வந்து நத்தை தின்னும் இறால்களின் வழியை அடைத்தபின் ரிச்சர்டு டோல் பகுதியில் நோய் பெருகியது. அங்கேயே துறைகளில் மண்டிய நீர்ப்பாசியை அகற்றி, அதை உரமும் கால்நடைத் தீவனமும் ஆக்கிப் பார்த்ததில் நத்தை குறைந்தது, பிள்ளைகளுக்கு நோய்த்தொற்றும் குறைந்தது. துறையில் பாசி எடுக்க ஊராருக்குக் கூலி கொடுப்பது சங்கங்களால் முடிகிற காரியம். எடுப்பவர்களுக்கு முழங்காலுக்கு மேல் வரும் ரப்பர் பூட்ஸ் வாங்க மறந்துவிடாதீர்கள், இல்லையென்றால் அவர்களுக்கே நோய் வரும்.

எத்தனை பம்பு, எத்தனை மாத்திரை என்று உறுப்பினர்களுக்கு அறிக்கை அனுப்புகிறீர்கள். இனி முட்டைக் கணக்கையும் கேளுங்கள். மலப் பரிசோதனையில் கிராமுக்கு 400 முட்டைக்கு மேல், சிறுநீரில் 10 மில்லிலிட்டருக்கு 50 முட்டைக்கு மேல் இருந்தால் கடும் தொற்று. வேலை தொடங்கும் முன்னும், ஓராண்டு கழித்து அடுத்த மாத்திரைக்கு முன்னும், அதே வகுப்பில் ஐம்பது பிள்ளைகளைப் பரிசோதித்தால் போதும். கடும் தொற்றுள்ளவர் எண்ணிக்கை குறைகிறதா என்று பாருங்கள். சிறுநீரைக் காலை பத்துக்கும் பிற்பகல் இரண்டுக்கும் இடையில் எடுக்க வேண்டும், முட்டை அதிகம் வெளியேறும் நேரம் அது. இரத்தம் காட்டும் சோதனைப் பட்டைகளின் டப்பாவைத் திறந்து வைத்தால் ஈரம் பட்டுக் கெட்டுவிடும். மாதவிலக்கு நாளில் எடுத்த சிறுநீர் பொய்யாக நோய் காட்டும்.

அடுத்த முறை பணம் அனுப்புவதற்கு முன், மாவட்டத்தில் புறக்கணிக்கப்பட்ட நோய்களுக்குப் பொறுப்பான ஒருங்கிணைப்பாளரிடம் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். அந்த ஊரில் எந்த வகை, எந்த நீர்த்துறை? அரசு மாத்திரை நாள் எப்போது, அன்றைக்குக் கஞ்சிக்கு யார் பொறுப்பு? பெண்கள் இப்போது எங்கே துவைக்கிறார்கள்? மூன்றாவது கேள்விக்குப் பதில் வரத் தாமதமானால், அது வரும்வரை துளை போடும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒட்டுண்ணி நோய்த் தடுப்பிலும் ஊரகக் குடிநீர்ப் பணியிலும் உள்ள சிலர்